விடுதலை, இணைப்பு, மாநிலம்: புதுச்சேரி வழக்கில் மூன்று சொற்கள்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் 'நாடு' என்னும் சொல் இன்றும் தன் பழம்பொருளில் வழங்குகின்றது. மேலூர்ப் பக்கத்து முதியவர் ஒருவரை, 'ஐயா, உங்களுக்கு எந்த நாடு?' என்று வினவினால், அவர் இந்திய நாடு என்றோ தமிழ்நாடு என்றோ விடை கூறமாட்டார். 'வெள்ளலூர் நாடு' என்றோ 'சிறுகுடி நாடு' என்றோ கூறுவார். சோழர் பாண்டியர் கல்வெட்டுகளிலும் ஊர் பல சேர்ந்தது நாடு. நாடு பல சேர்ந்தது வளநாடு. அதனினும் பெரியது மண்டலம். நாட்டின் காரியங்களைக் கூடிப் பேசி முடிவு செய்தவர் நாட்டார் எனப்பட்டனர். சில ஊர்களின் தொகுதியையும் ஒரு பெருநிலப் பரப்பையும் ஒரு சொல்லே குறிக்க, கேட்போர் இடம் நோக்கிப் பொருள் கொள்கின்றனர். எம் பக்கத்தில் எவரும் இதனால் மயங்குவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் தொல்காப்பியத்து வேற்றுமை மயங்கியலை நடத்திக்கொண்டிருந்தபோது இச்சொல்லைப் பற்றிய பேச்சு இடையே எழுந்தது. காரைக்காலிலிருந்து வந்து பயின்ற மாணவி ஒருவர் எழுந்து, 'ஐயா, மேலூர்க்காரருக்கு ஊரளவில் ஒரு நாடு, அதற்கு மேல் தமிழ்நாடு, அதற்கும் மேல் இந்திய நாடு என மூன்று இருக்கின்றன. எங்களுக்கு நடுவில் இருப்பது நாடும் அன்று, மாநிலமும் அன்று. அதற்குத் தமிழில் என்ன பெயர்?' என்று வினவினார். வகுப்பு நகைத்தது. எனக்கு நகை வரவில்லை. 'ஒன்றியப் பகுதி' என்று விடை கூறி அன்று பாடத்தைத் தொடர்ந்தேன். அது பெயரைச் சொல்லியதேயன்றி வினாவுக்கு விடையாகாது என்பதை அப்போதே உணர்ந்தேன். அவ்விடையைச் சற்று நிறைவு செய்யும் முயற்சியே இக்கட்டுரை.

கடல் கடந்த ஓர் அரசின் ஆட்சிப் பகுதியாக இருந்த நிலம், அவ்வரசை விட்டு நீங்குவதா, அதனுள்ளேயே உரிமை பெற்று இருப்பதா, வேறொரு நாட்டோடு சேர்வதா என்னும் வழக்கு இந்திய மண்ணில் நெடிது நடந்த இடம் புதுச்சேரி. அவ்வழக்கு 1954 இல் முடிந்துவிட்டதாகக் கருதுவோர் பலர். என் கருத்து வேறு. அது முடியவில்லை, வேற்றுமை உருபு மட்டும் மாறியது. முதலில் அது ஐந்தாம் வேற்றுமை வழக்காக இருந்தது: எதனின் நீங்குவது? பின்னர் மூன்றாம் வேற்றுமை வழக்காயிற்று: எதனொடு சேர்வது? இப்பொழுது ஆறாம் வேற்றுமை வழக்காக நிற்கின்றது: யாரது உரிமை? ஒரு வினாவுக்குக் கிடைத்த விடையை மற்றொரு வினாவுக்கும் விடையாகக் கொண்டதே இவ்வழக்கின் குழப்பங்களுக்குக் காரணம் என்பது இங்கே காட்டப்படும்.

நீங்குதல்

1674 இல் பிரான்சுவா மார்த்தேன் ஊன்றிய குடியேற்றம் டச்சுக்காரரிடமும் ஆங்கிலேயரிடமும் பலமுறை கைமாறி, 1816 இல் இறுதியாகப் பிரஞ்சுக்காரரிடம் மீண்டது. அப்போது எஞ்சிய நிலம் ஒரு தொடர்ச்சியான நாடு அன்று. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நிலத்தில், மாகி மலையாளக் கரையில், ஏனாம் கோதாவரிக் கழிமுகத்தில், சந்திரநாகூர் வங்கத்தில். புதுச்சேரிப் பகுதியே ஒரு துண்டாக இல்லை. ஒரு பிரஞ்சு ஊரிலிருந்து மற்றொரு பிரஞ்சு ஊருக்குச் செல்ல ஆங்கிலேயர் வயலைக் கடக்க வேண்டியிருந்தது.

இத்துண்டு நிலங்களின் மக்களுக்கு 1871 முதல் பாரிசு மாநகரத்துப் பாராளுமன்றத்தில் உறுப்பினர் அனுப்பும் உரிமை இருந்தது. அக்காலத்து ஆங்கிலேயர் ஆட்சியில் வாழ்ந்த மதுரையார் எவருக்கும் இலண்டன் மன்றத்தில் இத்தகைய இடம் இல்லை. 1881 இல் பிறந்த ஆணையொன்றின்படி, தம் சாதி, சமய வழக்கங்களைச் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் பிரஞ்சுக் குடியுரிமையை முழுமையாகப் பெற்றனர். அவ்வாறு துறந்தவர் புதிய குடிப்பெயர் பூண்டனர். ஒடுக்கப்பட்ட மக்கள் பலருக்கு இத்துறவு சாதிப்பெயரினின்றும் நீங்கும் வழியாக அமைந்தது. விடுதலை என்னும் சொல்லைப் புதுச்சேரியில் ஆராய்வோர் இதனை மறத்தல் ஆகாது.

விடுதலை என்பது 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். வீடு என்னும் பேற்றுப் பெயரும் அவ்வடியினதே. இச்சொல்லுக்கு நீக்கப் பொருள் உள்ளார்ந்தது. ஆதலின் அது ஐந்தாம் வேற்றுமையை அவாவி நிற்கும். 'எதனின்' என்னும் வினாவுக்கு விடை இல்லாமல் விடுதலை என்னும் சொல் நிறைவு பெறாது. 'சுதந்திரம்' என்னும் வடசொல்லோ தன்வயத்தனாதல் என்னும் பொருளது. எதனின் நீங்கியது என்று அது கேளாது, யார் வயத்தது என்றே கேட்கும். இவ்விரு சொற்களையும் ஒருபொருட் பன்மொழியாக நாம் வழங்குகின்றோம். பொதுவான பேச்சில் அதனால் இடர் இல்லை. புதுச்சேரியின் வரலாற்றில் இடர் உண்டு.

பாரதியார் வாழ்வு இதற்குத் தக்க சான்று. 1904 இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராக இருந்த அவர், 1908 இல் ஆங்கிலேயர் சிறைக்குத் தப்பிப் புதுச்சேரி புகுந்தார். 1918 வரை ஆங்கே வாழ்ந்தார். விடுதலைக்கவி என நாம் போற்றும் அவர் தம் பெரும்படைப்புகள் பலவற்றை எழுதியது மற்றோர் ஐரோப்பிய அரசின் கொடி நிழலில். அவரைப் போன்றே வ. வே. சு. ஐயரும் அரவிந்தரும் 1910 இல் அவ்வூரை அடைந்தனர். அவர்கள் வேண்டிய விடுதலை ஆங்கிலேயரின் நீங்கிய விடுதலை. பிரஞ்சுக்காரர் அவ்விடுதலைக்குப் புகலிடம் தந்தோர். ஐந்தாம் வேற்றுமையின் இடத்தில் எப்பெயர் நிற்கின்றது என்பதைப் பொறுத்துப் பகைவர் யார், நண்பர் யார் என்பது மாறிவிடுகின்றது.

ஆயினும் பிரஞ்சு நிழல் எல்லார்க்கும் குளிர்ந்ததன்று. 1934 இல் வ. சுப்பையா தொடங்கிய இதழுக்குச் 'சுதந்திரம்' என்றே பெயர். 1936 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30 ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் மாண்டனர். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலையுரிமை சட்டமாயிற்று. இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. குருதி சிந்தியது புதுச்சேரி ஆலைத் தெருவில். உரிமை வந்ததோ அக்காலத்தில் இடதுசாரிக் கூட்டணி ஆண்ட பாரிசிலிருந்து. சுட்டதும் அவ்வரசு, தந்ததும் அவ்வரசு. இத்தகைய அரசினின்று நீங்குவதா என்னும் வினாவுக்கு மதுரைத் தெருக்களில் எழுந்தது போன்ற ஒரே குரல் ஆங்கு எழாமை வியப்பன்று. எழாமையை அடிமைப் புத்தி என்று பழித்த அக்கால மேடைப்பேச்சு எனக்கு உடன்பாடன்று.

சேர்தல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரஞ்சு நாடு புதிய அரசியலமைப்பை 1946 இல் வகுத்தது. பழைய குடியேற்றங்களுள் மார்த்தினிக்கு, குவாதலூப்பு, ரெயூனியோன், கயானா என்னும் நான்கும் அவ்வாண்டில் பிரஞ்சு நாட்டின் மாவட்டங்களாகவே ஆக்கப்பட்டன. பிரஞ்சிந்தியாவுக்குக் கடல்கடந்த ஆட்சிப் பகுதி என்னும் தகுதி கிடைத்தது. பிரதிநிதி சபை ஒன்றும் அமைந்தது. அடுத்த ஆண்டே இந்தியா விடுதலை பெற்றது. அதுமுதல் புதுச்சேரிக்கு வினாவின் வடிவம் மாறிற்று. நீங்குதல் மட்டும் போதாது. நீங்கியபின் எதனொடு சேர்தல் என்பதே பேச்சாயிற்று. இரண்டு வழிகள் மக்கள் முன் நின்றன: ஒன்று, பிரஞ்சு ஒன்றியத்தினுள் தன்னாட்சி, மற்றொன்று, இந்தியாவோடு இணைப்பு. சில இலட்சம் மக்களைக் கொண்ட சிதறிய நிலம் தனித்து ஒரு நாடாக நிற்றல் என்பது வலிய வழியாக எவர்க்கும் தோன்றவில்லை.

'தன்னாட்சி' என்பது கேட்போர் செவிக்குச் சுதந்திரம் போலவே ஒலிக்கும். 'தன்' என்பது யாரைச் சுட்டும் என்று கேட்டால்தான் முடிச்சு அவிழும். ஒன்றியத்தினுள் தன்னாட்சி என்றால், படையும் அயலுறவும் பாரிசிடம், உள்ளூர்க் காரியம் நம்மிடம் என்பதே. இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. மேலைக்கடலில் அமெரிக்கக் கூட்டுநாட்டின் கீழ் உள்ள போர்த்தோ ரீக்கோ என்னும் தீவு 1952 இல் பெற்ற ஆட்சியமைப்பின் இசுபானியப் பெயர் 'எசுத்தாதோ லிப்ரே அசோசியாதோ' என்பதாம். சுதந்திரமான இணைவு மாநிலம் என்று அதனைப் பெயர்க்கலாம். அத்தீவு சுதந்திர நாடும் அன்று, அமெரிக்கக் கூட்டாட்சியின் மாநிலமும் அன்று. அவாயித் தீவுகளும் அலாசுக்காவும் 1959 இல் மாநிலங்களாயின. போர்த்தோ ரீக்கோ மூன்று இனிய சொற்களைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, மாநிலமாவதா விடுதலை பெறுவதா என்று இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றது.

1948 ஆம் ஆண்டு சூன் திங்களில் இந்திய அரசும் பிரஞ்சு அரசும், மக்களே தம் வருங்காலத்தை முடிவு செய்வர் என உடன்பட்டன. சந்திரநாகூரில் 1949 இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. மிகப் பெரும்பான்மையினர் இந்தியாவை விரும்பினர். அந்நகர் 1954 இல் மேற்கு வங்கத்தோடு ஒன்றாயிற்று. தென்னாட்டுப் பகுதிகளிலோ 1948 அக்டோபரில் நகராட்சித் தேர்தல் மட்டுமே நடந்தது. எதுவார் குபேர் தலைமையிலான பிரஞ்சிந்தியச் சோசலிசுட்டுக் கட்சி வென்றது. ஒன்றியத்தினுள் தன்னாட்சி என்பதே அக்கட்சியின் அந்நாளைய நிலை. வாக்கெடுப்பு வந்தபாடில்லை. 1949 இல் சுங்க உடன்பாடு முடிந்தபின் எல்லைகளில் காவல் கடுமையாயிற்று. வயல் ஒரு நாட்டிலும் வீடு ஒரு நாட்டிலுமாக இருந்த உழவர் பட்ட இன்னல் சிறிதன்று.

1954 இல் காட்சி மாறிற்று. வியத்துநாமில் தியன் பியன் பூ கோட்டை மே திங்களில் வீழ்ந்தது. அதற்கு முன்பே, மார்ச்சுத் திங்களில், குபேர் தம் நிலையை மாற்றி இணைப்பின் பக்கம் வந்து, நெட்டப்பாக்கத்தில் இடைக்கால அரசு ஒன்றை அமைத்துவிட்டார். அவருக்கு முன்பே இணைப்புக்காகச் சிறை சென்றோரும் அடிபட்டோரும் பலர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஏனாமும் மாகியும் சூன், சூலைத் திங்கள்களில் பிரஞ்சு ஆட்சியின் நீங்கின. அக்டோபர் 18 ஆம் நாள் கீழூர் என்னும் சிற்றூரில் பிரதிநிதி சபையாரும் நகராட்சி உறுப்பினரும் கூடினர். வாக்களித்தோர் 178 பேர், இணைப்பை ஏற்றோர் 170, மறுத்தோர் 8. நவம்பர்த் திங்கள் முதல் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. அதே நாளில் அல்சீரியாவில் பிரஞ்சு ஆட்சிக்கு எதிரான போர் தொடங்கியது. அல்சீரியாவைப் பிரஞ்சு நாட்டின் பகுதியாகவே பாரிசு கருதிவந்தது; ஆங்கு நீங்குதலுக்கு எட்டாண்டும் எண்ணற்ற உயிர்களும் வேண்டியிருந்தன. கீழூரில் ஒரு பகற்பொழுதும் 178 வாக்குகளும் போதியவாயின. இவ்வமைதியைக் குறைத்து மதிப்பிடுவார் இலர். ஆயினும், மக்களே முடிவு செய்வர் என்ற 1948 ஆம் ஆண்டுச் சொல், மக்களின் உறுப்பினர் முடிவு செய்வதாகச் சுருங்கியது என்பதும் உண்மை.

வகுப்பில் நடந்துகொண்டிருந்த பாடத்திற்கு இங்கே வருகின்றேன். மூன்றாம் வேற்றுமை உடனிகழ்ச்சிப் பொருளில் வரும் 'ஒடு' என்னும் உருபு உயர்ந்ததன் பின் வரும் என்று வேற்றுமை மயங்கியல் விதிக்கின்றது. அரசனொடு இளையர் வந்தார் என்பதே மரபு. இளையரொடு அரசன் வந்தான் என்பது மரபன்று. புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது என்றே எல்லாரும் எழுதினோம். 'புதுச்சேரியோடு இந்தியா இணைந்தது' என்று எழுதுவார் எவரும் இலர். பரப்பும் மக்கள்தொகையும் நோக்கின் இது இயல்பே. ஆயினும் வினைமுதல் இரண்டும் ஒரு வினையைச் செய்தபோதும் உருபு ஒன்றனை உயர்த்தி வைத்துவிடுகின்றது. இணைப்பு என்னும் சொல் இணை என்பதினின்று பிறந்தது. இணை என்பது ஒப்புடைய இரண்டு. அடி சமத்துவத்தைச் சொல்ல, உருபு உயர்வு தாழ்வைச் சொல்கின்றது. இம்முரணின் அரசியல் பயனைப் பின்வரும் ஆண்டுகளில் காண்கிறோம்.

எம் பக்கத்தாரும் இச்சொல்லின் இருமுகத்தை அறிந்தவரே. தேவிகுளம், பீர்மேடு ஆகிய மலைப்பகுதிகளைத் தமிழ்நிலத்தோடு இணைக்க வேண்டும் என்னும் கிளர்ச்சி, அக்காலத்தில் மதுரை மாவட்டத்தில் இருந்த கம்பம் பள்ளத்தாக்கில் மிகுதியும் பேசப்பட்டது. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அவை கேரளத்தில் அடங்கின. இணைப்பு வேண்டியோர்க்கு இணைப்பு இல்லை. அதற்குப் பத்தொன்பது நாள் முன்னர், அக்டோபர் 13 ஆம் நாள், விருதுநகரில் உண்ணா நோன்பு தொடங்கிய சங்கரலிங்கனார் மதுரை மருத்துவமனையில் உயிர் நீத்தார். சென்னை ராச்சியம் தமிழ்நாடு எனப் பெயர் பெற வேண்டும் என்பது அவர் கோரிக்கைகளுள் தலையாயது. அப்பெயர் 1969 இல் வந்தது. ஆட்சிப் பிரிவின் பெயர் வெறுஞ்சொல் என்று கருதுவோர்க்கு மதுரையில் விடை உண்டு.

உடைமை

பழம்பாடல்களில் 'மாநிலம்' என்பது பெரிய நிலம், அதாவது உலகம் என்னும் பொருளது. இருபதாம் நூற்றாண்டில் அச்சொல் கூட்டாட்சியின் உறுப்பைக் குறிக்கலாயிற்று. ராச்சியம், மாகாணம் என்பன பின்தங்கின. இலங்கையில் மட்டும் மாகாணம் ஆட்சிச் சொல்லாக நிலைத்துள்ளது. உலகம் முழுவதையும் சுட்டிய சொல் ஓர் உறுப்பைச் சுட்டுமாறு சுருங்கியது. அச்சுருங்கிய பொருளும் புதுச்சேரிக்கு எட்டவில்லை.

இரு நாடுகளும் 1956 ஆம் ஆண்டு மே 28 ஆம் நாள் ஒப்படைப்பு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. பிரஞ்சுப் பாராளுமன்றம் அல்சீரியப் போர் ஓய்ந்த பின்னரே, 1962 இல், அதனை ஏற்றது. அவ்வாண்டு ஆகத்து 16 ஆம் நாள் சட்டப்படியான மாற்றம் நிறைவேறியது. ஆதலின் புதுச்சேரிக்கு இரண்டு நாள்கள் உண்டு. நவம்பர் முதல் நாள் விடுதலை நாள்; ஆகத்து 16 சட்டப்படி மாறிய நாள். நவம்பர் முதல் நாளை அரசே விடுதலை நாளாகக் கொண்டாடத் தொடங்கியது 2014 முதற்றான். அறுபது ஆண்டுகள் இணைப்பு எனப்பட்டது பின்னர் விடுதலை எனப்படுதல் சொல்லாராய்ச்சியாளர் கருதத்தக்கது.

அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் உறுப்பே நம் ஆராய்ச்சிக்கு நடுநாயகம். 1954 நவம்பருக்கு முன் இருந்த தனி நிர்வாகத் தகுதி இப்பகுதிகளுக்குத் தொடரும் என்றும், அத்தகுதியில் அரசியலமைப்பு முறையில் பின்னர்ச் செய்யப்படும் மாற்றம் எதுவும் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்யப்படும் என்றும் அது கூறுகின்றது. 1962 இல் அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் புதுச்சேரியை ஒன்றியப் பகுதியாக்கியது. 1963 ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டமன்றமும் அமைச்சரவையும் வந்தன. சட்டமன்றம் உண்டு, முதலமைச்சர் உண்டு. ஆயினும் குடியரசுத் தலைவரின் பொருட்டு ஆள்பவர் துணைநிலை ஆளுநர். தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர் முப்பதின்மர். நடுவண் அரசு நியமிக்கும் உறுப்பினர் மூவர். மாநில அரசைக் கேளாமலே அம்மூவரை நியமித்தது செல்லும் என உச்ச நீதிமன்றம் 2018 இல் முடிவு செய்தது. ஆளுநர் அன்றாட நிர்வாகத்தில் தலையிடலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றத் தனி நீதிபதி 2019 இல் தீர்ப்பளிக்க, அதனை 2020 இல் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது. மேலே 'மாநில அரசு' என்று என் எழுதுகோலே தவறி எழுதியதைத் திருத்தாமல் விடுகின்றேன். புதுச்சேரி அரசைக் குறிக்கத் தமிழில் வேறு இயல்பான சொல் இல்லாமையை அது காட்டும்.

ஆறாம் வேற்றுமை கிழமைப் பொருளது. கிழமை இருவகை. சாத்தனது கை என்பது தற்கிழமை. கை சாத்தனை விட்டுப் பிரியாது. சாத்தனது தோட்டம் என்பது பிறிதின் கிழமை. இன்று அவனுடையது, நாளை மற்றொருவனுடையது. இரண்டிலும் உருபு ஒன்றே. ஆகவே கேட்டவுடன் வேறுபாடு புலனாகாது. தமிழ்நாட்டது சட்டமன்றம், புதுச்சேரியது சட்டமன்றம் என்னும் இரு தொடர்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்குக. மாநிலத்தின் சட்டமன்றம் அரசியலமைப்பிலேயே வேரூன்றியது. புதுச்சேரியின் சட்டமன்றமோ பாராளுமன்றம் இயற்றிய தனிச்சட்டத்தால் வந்தது. அரசியலமைப்பு அதற்கு இடம் தந்ததேயன்றி அதனைக் கட்டாயமாக்கவில்லை. முன்னையது தற்கிழமையை ஒத்தது. பின்னையது பிறிதின் கிழமை. வரிவருவாய்ப் பங்கீட்டிலும் இதுவே நிலை. நிதிக்குழு மாநிலங்களின் பங்கை வரையறுக்கின்றது. ஒன்றியப் பகுதி நடுவண் அரசு தரும் மானியத்தை எதிர்நோக்கி நிற்கின்றது. பங்கு வேறு, கொடை வேறு என்பதை எடுத்துரைக்க வேண்டா.

மாநிலத் தகுதியும் முற்றிய தற்கிழமை ஆகாது என்று ஒருவர் தடை எழுப்பலாம். அது வலிய தடையே. எல்லையையும் பெயரையும் மாற்றப் பாராளுமன்றத்துக்கு உரிமை உண்டு. சம்மு காசுமீரம் என்னும் மாநிலம் 2019 இல் இரண்டு ஒன்றியப் பகுதிகளாயிற்று. கையும் வெட்டுண்ணும். ஆயினும் வெட்டுண்ட கைக்கு வருந்துவது போலத் தோட்டம் கைமாறியதற்கு எவரும் வருந்துவதில்லை. அளவில் அவ்வேறுபாடு எஞ்சுகின்றது.

ஒரே மொழி பேசும் நிலத்துக்கு இரண்டு மாநிலம் எதற்கு, தமிழ்நாட்டோடு சேர்த்துவிடலாமே என்பது பிறிதொரு கருத்து. மதுரையில் அமர்ந்து நோக்குவோர்க்கு இது எளிதில் இனிக்கும்; எனக்கும் இளமையில் இனித்தது. 1979 சனவரியில் அன்றைய தலைமை அமைச்சர் மொரார்சி தேசாய் இத்தகைய சேர்ப்பைக் குறித்துப் பேசியபோது புதுச்சேரி கொந்தளித்தது. அக்கொந்தளிப்பைத் தமிழ்ப்பற்றின் குறைவு என்று கூறுவது அறியாமை. பாரதிதாசனைத் தந்த மண் அது. இந்தி வழங்கும் மாநிலங்கள் பல. தெலுங்குக்கு 2014 முதல் இரண்டு. மொழி ஒன்றாயின் ஆட்சி ஒன்றாக வேண்டும் என்னும் விதி இல்லை. கொம்யூன் பஞ்சாயத்து என்னும் ஆட்சிச் சொல்லும், பிரஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்றவரைக் குறிக்கும் 'சொல்தா' என்னும் வழக்கும் அம்மண்ணின் தனி வரலாற்றுக்குச் சான்றாக நிற்கின்றன.

சிறிய பரப்பு என்னும் தடையைக் கோவா ஓரளவு தீர்த்துவைத்தது. போர்த்துக்கேசியரின் கடல்கடந்த மாகாணமாக இருந்து 1961 இல் இந்தியாவோடு சேர்ந்த கோவாவில், 1967 சனவரி 16 ஆம் நாள் மக்களின் கருத்து வாக்கெடுப்பு நடந்தது. மராட்டிய மாநிலத்தோடு சேர்வதா, ஒன்றியப் பகுதியாக நிற்பதா என்பதே வினா. தனித்து நிற்க விரும்பியோர் 1,72,191 பேர். சேர விரும்பியோர் 1,38,170 பேர். இருபது ஆண்டுகள் கழித்து, 1987 மே 30 ஆம் நாள், கோவா மாநிலமாயிற்று. மக்கள் கூறிய 'வேண்டா' என்னும் சொல்லே பின்னர் வந்த 'வேண்டும்' என்பதற்கு அடிப்படையாயிற்று. கோவாவின் பரப்பு 3,702 சதுர கிலோமீட்டர். புதுச்சேரியின் நான்கு பகுதிகளும் சேர்ந்து ஐந்நூற்றுக்கும் குறைவு. இவ்வேறுபாடு பெரிதே; ஆயினும் 2011 கணக்கெடுப்பில் 12 இலட்சத்து 47 ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் ஆங்கு வாழ்ந்தனர். மிசோரம், சிக்கிம் ஆகிய மாநிலங்களின் மக்கள்தொகையினும் இது மிகுதி.

புதுச்சேரிச் சட்டமன்றம் மாநிலத் தகுதி வேண்டிப் பத்துக்கும் மேற்பட்ட முறை தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. 2025 மார்ச்சிலும் நிறைவேற்றியது. ஆளும் கட்சி மாறினும் தீர்மானம் மாறவில்லை. இங்கே உடன்படிக்கையின் சொற்கள் மீண்டும் நம் முன் வருகின்றன. ஆட்சித் தகுதியைப் பற்றிப் பேசும் உறுப்பு மக்களின் விருப்பத்தை அறிந்தபின் என்கின்றது. ஆட்சிமொழியைப் பற்றிப் பேசும் உறுப்போ, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யாத வரையில் பிரஞ்சு ஆட்சிமொழியாக இருக்கும் என்கின்றது. ஓரிடத்தில் மக்கள், மற்றோரிடத்தில் பிரதிநிதிகள். சொல் வேறுபாடு கருதியே இடப்பட்டதாதல் வேண்டும். மொழியைப் பற்றிப் பிரதிநிதிகள் 1965 இல் சட்டம் இயற்றினர், தமிழ் ஆட்சிமொழியாயிற்று, மாகியில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடம் தரப்பட்டது. அது போதியதாக ஏற்கப்பட்டது. தகுதியைப் பற்றி அவர்கள் இயற்றும் தீர்மானங்கள் தில்லிக்குச் சென்று அமைகின்றன.

கீழூரில் 178 பேரின் வாக்கு மக்களின் விருப்பமாகக் கொள்ளப்பட்டதெனின், அதே மக்கள் தேர்ந்த முப்பதின்மர் மீண்டும் மீண்டும் கூறுவது எங்ஙனம் விருப்பமாகாது என்னும் வினாவுக்கு நேரிய விடையை நான் எங்கும் கண்டிலேன். ஆயினும் அவ்வினாவை எழுப்புவோரும் ஒன்றைக் கருதல் வேண்டும். முப்பது தொகுதிகளுள் புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாகிக்கும் ஏனாமுக்கும் ஒவ்வொன்று. ஆறாம் வேற்றுமை 'யாரது' என்று வினவும்போது, உடையவர் ஒருவர் அல்லர், நால்வர். மொழியும் அண்டை நிலமும் வேறாகிய இந்நால்வரின் விருப்பத்தைப் பெரும்பான்மைத் தீர்மானம் ஒன்றால் அறிந்துவிட்டதாகக் கொள்ளுதல், கீழூரில் நேர்ந்த குறையை மீண்டும் செய்வதேயாம். கோவாவிற் போல மக்களையே வினவி, பகுதி பகுதியாக வாக்கை எண்ணி, மாநிலமா அன்றா என்பதையும் வினாவில் சேர்த்து ஒரு வாக்கெடுப்பு நடத்துவதே உடன்படிக்கையின் சொல்லுக்குப் பொருந்தும் வழி எனக் கருதுகின்றேன். சந்திரநாகூர் மக்களுக்கு 1949 இல் கிடைத்தது அது. தென்னாட்டுப் பகுதிகளின் மக்களுக்கு இன்றுகாறும் கிடைக்கவில்லை.

இக்கட்டுரையின் முதற்படியை அக்காரைக்கால் மாணவிக்குப் படிக்கக் கொடுத்தேன். இப்பொழுது அவர் தம் ஊரில் ஆசிரியர். 'நால்வர்' என்னும் சொல்லின் கீழ்க் கோடிட்டு, ஓரத்தில் அவர் எழுதியனுப்பிய குறிப்பு இது: 'எங்கள் வீட்டில் தாத்தா இணைப்பு என்பார், அப்பா விடுதலை என்பார், நான் மாநிலம் என்கிறேன். மூவரிடமும் ஒருமுறைகூட யாரும் வந்து கேட்டதில்லை, ஐயா.'